உள்ளங்கையில் ஒரு காடு

(பத்தாம் வகுப்பு மாணவி)

மனிதன் கதை கேட்டே வளர்ந்தவன். பாட்டியின் மடியில் படுத்துக் கேட்ட கதை, ஊர்த்திடலில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் கண்ட கதை, திரைப்படக் கொட்டகையில் பார்த்து மகிழ்ந்த கதை எனக் கதை பல வடிவங்களில் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வடிவங்களுள் வயதில் இளையது கையடக்க வீடியோ விளையாட்டு. மற்றக் கதைகளில் நாம் கேட்பவர்கள் அல்லது பார்ப்பவர்கள். இதில் மட்டும் கதாநாயகனை நடத்திச் செல்லும் பொறுப்பு நம் கட்டைவிரலிடம் ஒப்படைக்கப்படுகிறது.

அன்புத் தோழியரே! ஒரு கார்ட்டூன் திரைப்படம் எவ்வாறு உள்ளங்கையில் அடங்கும் சாகச விளையாட்டாக மாறுகிறது? அதற்கும் நம் ஆரணியின் பட்டுத் தறிக்கும் உறவு உண்டா? அதனால் நமக்கு விளைவது நன்மையா, தீமையா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக, நம் பாரத மண்ணைக் களமாகக் கொண்ட ஒரு கதையையே எடுத்துக்கொள்வோம்.

மோக்லியின் பயணம்

ருட்யார்டு கிப்ளிங் 1865 ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர். அவர் எழுதிய ‘ஜங்கிள் புக்’ என்னும் நூல் 1894 இல் வெளிவந்தது. ஓநாய்கள் வளர்த்த மோக்லி என்னும் சிறுவனின் கதைகள் அதில் உள்ளன. அக்கதைகள் நிகழும் இடம் இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள சியோனிப் பகுதியின் காடுகள்.

இக்கதையை வால்ட் டிஸ்னி நிறுவனம் கார்ட்டூன் படமாக எடுத்து 1967 அக்டோபரில் வெளியிட்டது. படம் வெளிவருவதற்கு முன்பே, 1966 டிசம்பரில், வால்ட் டிஸ்னி காலமானார். கரடி பாலு, கருஞ்சிறுத்தை பகீரா, மலைப்பாம்பு கா, புலி ஷேர்கான் ஆகிய பாத்திரங்கள் உலகக் குழந்தைகள் அனைவருக்கும் நண்பர்களாயின.

அதற்குப் பின் 27 ஆண்டுகள் கழித்து, 1994 இல், அதே படம் ‘கேம் பாய்’ என்னும் கையடக்கக் கருவிக்குரிய விளையாட்டாக வந்தது. நூறாண்டுக்கு முன் நூலாகப் பிறந்த காடு, படமாகி, பின்னர் சட்டைப்பைக்குள்ளேயே குடியேறிவிட்டது!

கேம் பாய் என்னும் சிறு பெட்டி

ஜப்பான் நாட்டின் நின்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரலில் கேம் பாயை வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கியவர் கும்பெய் யோகோய் என்னும் பொறியாளர். ‘புதிதாக வந்த விலையுயர்ந்த பொருளைத் தேடி ஓட வேண்டாம், நன்கு பழகி விலை மலிந்த பொருளைப் புதிய வழியில் பயன்படுத்துவோம்’ என்பது அவருடைய கொள்கை. அதனால்தான் கேம் பாயில் வண்ணத் திரை இல்லை. வெளிச்சம் முதல் கருமை வரை நான்கே நிறச் சாயல்கள் தோன்றும். நான்கு சிறு பேட்டரிகளைப் போட்டால் பல மணி நேரம் ஓடும். கையிலிருந்து தவறி விழுந்தாலும் எளிதில் கெடாது.

கேம் பாயும், பின்னர் 1998 இல் வந்த வண்ணக் கேம் பாயும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கும் அதிகமாக விற்றன. அதன் உற்பத்தி 2003 இல் நின்றுபோயிற்று. எனினும் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய கருவிகள் நம் ஊர் வீடுகள் சிலவற்றில் இன்றும் உள்ளன. அது வாய்க்காதவர்கள் திருவிழாக் கடைகளில் வாங்கிய ‘9999 விளையாட்டு’ப் பெட்டியில் கட்டம் அடுக்கி விளையாடியிருப்பார்கள். நம் பெற்றோரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு முழுத் திரைப்படத்தை இச்சிறு பெட்டிக்குள் அப்படியே அடைக்க முடியுமா? கணக்கு வகுப்பை நினைத்துக்கொண்டு பார்ப்போம்.

கேம் பாயின் திரையில் குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 144 புள்ளிகள். பெருக்கினால் 23,040 புள்ளிகள். நான்கு சாயல்களுள் எது என்று குறிக்க ஒவ்வொரு புள்ளிக்கும் 2 ‘பிட்’ தேவை. ஆக ஒரு முழுத் திரைக்கு 46,080 பிட். 8 பிட் சேர்ந்தது ஒரு ‘பைட்’. எனவே ஒரு திரைக்கு 5,760 பைட்.

‘ஜங்கிள் புக்’ படம் 78 நிமிடம் ஓடும். திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள் நம் கண்முன் ஓடுகின்றன. அதாவது மொத்தம் 1,12,320 படங்கள். இவற்றை 5,760 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 64 கோடியே 70 லட்சம் பைட்டுகள் ஆகின்றன.

ஆனால் அக்காலத்தில் கேம் பாயில் செருகிய விளையாட்டுப் பெட்டிகள் பலவற்றில் இருந்த இடமோ 1,31,072 பைட்டுகள்தாம். அதில் 22 படங்களைத்தான் முழுமையாக வைக்கலாம். படத்தில் ஒரு வினாடிகூட ஆகாது! கடலைச் செம்பில் அடைக்க நினைப்பது போன்ற செயல் அன்றோ இது? இருந்தும் காடு முழுவதையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். எப்படி? அதற்கு விடை நம் வீட்டுத் தறியில் இருக்கிறது.

தறியும் திரையும்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த நம் ஆரணியில் தறிச் சத்தம் கேட்காத தெருவைக் காண்பது அரிது. நம்மில் பலர் தார் சுற்றிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள். ஆகவே பாவு, ஊடை என்றால் என்ன என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புடவையில் ஒரு மாங்காய்ப் புட்டா வேண்டுமானால் முதலில் கட்டம் போட்ட கிராப் தாளில் அதை வரைவார்கள். நெடுக்கே ஒவ்வொரு கட்ட வரிசையும் ஒரு பாவு இழை. குறுக்கே ஒவ்வொரு கட்ட வரிசையும் ஒரு ஊடை. வண்ணம் தீட்டிய கட்டத்தில் இழை மேலே எழ வேண்டும். வெறுமையான கட்டத்தில் எழக்கூடாது. பின்னர் ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை வீதம் துளை குத்துவார்கள். தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் அவ்வட்டைகளைக் கோத்து மாட்டுவார்கள். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும். கொக்கி தன் இடத்திலேயே நின்று இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், கொக்கி விலகி நிற்கும், இழை எழாது.

துளை உண்டு, துளை இல்லை. இவ்விரண்டு நிலைகளே கணிப்பொறியின் மொழியில் 1, 0 எனப்படுகின்றன. நாம் மேலே கண்ட ‘பிட்’ என்பது இதுதான்.

இந்த அட்டைத் தறியை பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804 இல் உருவாக்கினார். லியோனும் ஆரணியைப் போலவே பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அந்த அட்டைகளைக் கண்டு வியந்த இங்கிலாந்து நாட்டுச் சார்லஸ் பாபேஜ், 1830களில் தாம் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்திற்கும் துளை அட்டைகளையே பயன்படுத்த எண்ணினார். அந்த எந்திரத்தைப் பற்றி 1843 இல் விரிவான குறிப்புகள் எழுதி, கணிப்பொறி நிரலுக்கு முன்னோடியானவர் அடா லவ்லேஸ் என்னும் பெண்மணி. அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் என்பவர் 1890 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கைத் துளை அட்டைகளைக் கொண்டே கூட்டி முடித்தார். ஆகவே தறி கணிப்பொறிக்கு மூத்த அக்காள் என்று நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

இனி மோக்லியின் காட்டுக்கு வருவோம். கேம் பாயில் திரை முழுவதையும் ஒரே படமாக வைப்பதில்லை. குறுக்கே 8, நெடுக்கே 8 எனப் புள்ளிகள் கொண்ட சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து வைக்கிறார்கள். ஒரு சதுரத்திற்கு 16 பைட் போதும். இலைக்கு ஒரு சதுரம், மரப்பட்டைக்கு ஒரு சதுரம், கொடிக்கு ஒரு சதுரம் என்று வரைந்து வைத்துக்கொண்டால், அவற்றையே திரும்பத் திரும்ப அடுக்கிப் பெருங்காட்டை உண்டாக்கிவிடலாம். ஒரே புட்டாவைக் கொண்டு புடவையின் உடல் முழுவதையும் நிரப்புவது போன்றதுதான் இது.

திரையில் குறுக்கே 20 சதுரங்கள், நெடுக்கே 18 சதுரங்கள். ஆக 360 இடங்கள். எந்த இடத்தில் எந்தச் சதுரம் என்று எண் குறித்தால் போதும். 360 பைட்டில் ஒரு திரை முடிந்துவிடும். 5,760 பைட் எங்கே, 360 பைட் எங்கே! பதினாறில் ஒரு பங்கு.

மோக்லி, குரங்கு போன்று அசையும் உருவங்களுக்குத் தனிச் சதுரங்கள் உண்டு. ஒரே நேரத்தில் 40 சதுரங்களுக்கு மேல் அசைய முடியாது. ஒரே கிடைவரியில் 10க்கு மேல் காட்ட முடியாது. வலப்பக்கம் நடக்கும் மோக்லியை வரைந்தால், இடப்பக்கம் நடக்கும் மோக்லிக்கு வேறு படம் தேவையில்லை. அதையே திருப்பிக் காட்டும்படி எந்திரத்துக்கு உத்தரவிடலாம். சிக்கனம் தெரிந்த நெசவாளர் வீட்டில் வளர்ந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

என் தாத்தா நாற்பது ஆண்டுகள் அட்டை குத்தியவர். கணிப்பொறியில் டிசைன் போட்டு எந்திரமே அட்டை குத்தத் தொடங்கியதும், பிறகு அட்டையே இல்லாத மின்னணு ஜக்கார்டு வந்ததும் அவருக்கு வேலை குறைந்துவிட்டது. ஒரு நாள் என் தம்பியின் கையிலிருந்த விளையாட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். “ஏம்மா பாப்பா, இந்தப் பையன் உருவத்துக்குக் கட்டம் போட்டது யாரு? ஒவ்வொரு கட்டமும் தெரியுதே!” என்றார். கருவியின் உள்ளே இருப்பதைப் பற்றி ஒன்றும் அறியாத அவர், பார்த்த மாத்திரத்தில் அதன் சூட்சுமத்தைக் கண்டுகொண்டார். படிப்பு என்பது ஏட்டில் மட்டும் இல்லை என்பதை அன்று நான் உணர்ந்தேன்.

கதை விளையாட்டாவது எப்படி?

படங்களை அடைத்துவிட்டால் மட்டும் விளையாட்டு ஆகிவிடாது. திரைப்படத்தில் மோக்லி பாலுவுடன் ஆடிப்பாடிப் பொழுது போக்குகிறான். பார்க்கும் நமக்கு அதுவே இன்பம். விளையாட்டிலோ நமக்கு ஒரு வேலை வேண்டும். ஆகவே விளையாட்டை உருவாக்கியவர்கள் காட்டில் ரத்தினக் கற்களைச் சிதறி வைத்தார்கள். குறித்த நேரத்திற்குள் அவற்றைச் சேகரிக்க வேண்டும். கொடியைப் பிடித்து ஊஞ்சலாடித் தாவ வேண்டும். எதிர்ப்படும் விலங்குகளின் மீது வாழைப்பழத்தை எறிந்து தப்ப வேண்டும். இறுதியில் ஷேர்கானை எதிர்கொள்ள வேண்டும். படத்தில் இல்லாத வாழைப்பழ யுத்தம் விளையாட்டில் வந்தது இப்படித்தான்.

குறிக்கோள், தடை, முயற்சி, வெற்றி ஆகிய நான்கும் சாகச விளையாட்டின் நான்கு கால்கள். தடை மிக எளிதானால் சலிப்பு வரும். மிகக் கடினமானால் கோபம் வரும். இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் செல்வதே கலை. நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஏணியில் ஏற்றமும் பாம்பில் இறக்கமும் வைத்து, நல்வினை தீவினைகளைக் குழந்தைகளுக்குக் கற்பித்த பரமபத விளையாட்டு நம் நாட்டில் தோன்றியதுதானே!

புகழ்பெற்ற படத்தின் பெயரை ஒட்டிவிட்டால் விளையாட்டும் வெற்றி பெறும் என்று எண்ணியவர்கள் ஏமாந்ததும் உண்டு. 1982 இல் ‘ஈ.டி.’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை வைத்து அடாரி நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டும் என்று ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் அது செய்து முடிக்கப்பட்டது. வாங்கியவர்கள் மனம் நொந்தனர். விற்காத பெட்டிகள் 1983 இல் நியூ மெக்சிகோவின் குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. 2014 இல் அவற்றைத் தோண்டி எடுத்தனர். அவசரத்தில் நெய்த புடவை முதல் நனைப்பிலேயே சாயம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம்மவர் படைப்புகள்

இவையெல்லாம் வெளிநாட்டார் பெருமைதானா என்று கேட்கலாம். இல்லை. ரஜினிகாந்த் நடிக்க, அவர் மகள் சௌந்தர்யா இயக்கிய ‘கோச்சடையான்’ 2014 மே 23 இல் வெளிவந்தது. நடிகரின் அசைவைக் கருவிகளால் பதிவு செய்து, அதைக் கணிப்பொறியில் வரைந்த உருவத்திற்கு ஏற்றி எடுத்த தமிழ்ப்படம் அது. அதன் கதையை ஒட்டிக் கைப்பேசியில் ஆடும் விளையாட்டும் வந்தது. கைப்பேசியே இன்று பெரும்பாலோரின் கையடக்க விளையாட்டுக் கருவியாகிவிட்டது அல்லவா?

புனே நகரைச் சேர்ந்த ‘நாடிங் ஹெட்ஸ்’ என்னும் குழுவினர் 2020 இல் ‘ராஜி’ என்னும் சாகச விளையாட்டை நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவிக்கு வெளியிட்டனர். அதில் தன் தம்பியைத் தேடிச் செல்லும் வீரப் பெண்ணே நாயகி. இடையிடையே கதை நிழற்பாவைக் கூத்து வடிவில் சொல்லப்படுகிறது. 2023 இல் கனடாவில் உருவான ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, அங்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் சமையலறையைக் களமாகக் கொண்டது. இட்லி அவிப்பதும் பிரியாணி செய்வதும் அங்கே சாகசங்கள்! முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை அது 2024 இல் பெற்றது. தமிழ்ப் பெயரோடும் தமிழ்ச் சுவையோடும் உலகப் பரிசு வாங்க முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நன்மையா? தீமையா?

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது பழமொழி. விளையாட்டின் மேல் கட்டுப்பாட்டை இழந்து, படிப்பு, உணவு, உறக்கம் ஆகியவற்றை விட அதுவே பெரிதெனக் கிடப்பதை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோய் நிலையாகவே தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஆகவே பெற்றோரின் அச்சம் காரணமற்றது என்று நான் கூற மாட்டேன்.

அதே வேளையில், பெற்றோரிடம் பணிவுடன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை கையில் கருவியைக் கண்டவுடன் பிடுங்கி வைப்பதற்கு முன், அது என்ன விளையாட்டு, அதில் என்ன கதை என்று ஒரு முறை கேளுங்கள். மோக்லியின் விளையாட்டில் ஒரு கட்டத்திற்கு முடிவு உண்டு. அங்கே நிறுத்தி வைக்கலாம். இன்றைய கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் முடிவே இல்லை. நாள்தோறும் வா, பணம் கட்டு என்று அழைத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

நாமும் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும். வீட்டுப்பாடம் முடிந்த பின்னரே விளையாட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். 20 நிமிடங்களுக்கு ஒரு முறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 வினாடி பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு தர வேண்டும் என்பது கண் மருத்துவர்களின் அறிவுரை. தறியில் மெல்லிய இழையை உற்றுப் பார்த்துக் கண் களைத்துப்போகும் நம் பெற்றோருக்கும் இது பயன்படும்.

நம் கையில் உள்ளது என்ன?

‘தறிப் பிழைப்பு நம்மோடு போகட்டும், நீயாவது படித்து வேறு வேலைக்குப் போ’ என்று சொல்லாத நெசவாளர் வீடு ஆரணியில் குறைவு. என் தந்தையும் அப்படித்தான் சொல்கிறார். அவருடைய முதுகுவலியையும், கைக்கு வரும் கூலியையும் அறிந்த என்னால் அதை மறுத்துப் பேச முடியவில்லை. ஆனால் வேறு வேலைக்குப் போவதென்றால் தறி கற்றுத் தந்த அனைத்தையும் வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டுமா? இதுதான் என் மனத்தில் எழும் கேள்வி.

கட்டத்திற்குள் ஒரு மயிலை அடக்கத் தெரிந்தவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள். எத்தனை இழை, எத்தனை ஊடை, எங்கே திருப்ப வேண்டும் என்று தாளும் எழுதுகோலும் இன்றி மனக்கணக்காகச் சொல்லும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அன்னம், யாளி, ருத்திராட்சம், கோபுரம் எனப் பரம்பரையாக வந்த உருவங்கள் நம் முந்தானைகளில் இருக்கின்றன. விளையாட்டு உருவாக்கும் கலைக்கு வேண்டியவை சித்திரம், கணக்கு, கதை, பொறுமை ஆகியவையே. இவற்றுள் எது நம்மிடம் இல்லை?

நான் பதினொன்றாம் வகுப்பில் கணிப்பொறி அறிவியல் பிரிவை எடுக்க விரும்புகிறேன். இது பொழுதுபோக்கைக் கண்டு எழுந்த ஆசை என்று என் வீட்டார் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவும் இக்கட்டுரையை எழுதினேன். இதை ஆண்டு மலரில் படிக்கும்போது என் தந்தை என்ன சொல்வார் என்று தெரியவில்லை. தாத்தாவிடம் மட்டும் முன்கூட்டியே ஓர் உதவி கேட்டிருக்கிறேன். அவர் பழைய பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் கிராப் தாள்களில் ஒன்றை எனக்குத் தர வேண்டும். அதிலுள்ள அன்னத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் எண் எழுதிப் பார்க்கப் போகிறேன்.

தோழியரே! விடுமுறையில் நீங்களும் ஒரு கட்டத்தாள் எடுத்து உங்கள் வீட்டுப் புடவையின் ஒரு புட்டாவை வரைந்து பாருங்கள். தீட்டிய கட்டத்திற்கு 1, தீட்டாத கட்டத்திற்கு 0 என்று எழுதுங்கள். கணிப்பொறியின் முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். அதைக் கற்பிக்கும் ஆசிரியர், உங்கள் வீட்டுத் தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருப்பவர்தாம்.